ராத்திரியில் எத்தனை தடவை எழுந்திருக்கிறீர்கள்? புரோஸ்டேட் பற்றி நம்மவர்கள் கேட்கும் கேள்விகள்

எனக்கு 64 வயது. சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், மருத்துவன் இல்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன் புரோஸ்டேட் தொல்லையால் அவசரப் பிரிவு வரை போய் வந்தேன். அதைக் காப்பிக்கடையில் வெட்கப்படாமல் சொன்னதுதான் தாமதம். அதுவரை காற்பந்து பேசிய நண்பர்கள் ஒவ்வொருவராக என்னைத் தனியே கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி ஏதாவது கேட்க ஆரம்பித்தார்கள். அந்தக் கேள்விகளைத்தான் இங்கே எழுதி வைத்திருக்கிறேன். மருத்துவ விவரங்களை, தாதியாக வேலை செய்யும் என் அக்கா மகள் படித்துத் திருத்திக் கொடுத்தாள். உங்கள் உடம்புக்கு என்ன செய்ய வேண்டும் என்பதை உங்களைப் பார்க்கும் மருத்துவர்தான் சொல்ல முடியும்.

புரோஸ்டேட் என்பது என்ன? எங்கே இருக்கிறது?

ஆண்களுக்கு மட்டும் உள்ள ஒரு சுரப்பி. சிறுநீர்ப்பைக்குக் கீழே, மலக்குடலுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது. இளவயதில் ஒரு வால்நட் கொட்டை அளவு, ஏறக்குறைய 20 கிராம். விந்துவில் உள்ள திரவத்தில் ஒரு பகுதியைத் தயாரிப்பது இதன் வேலை.

தொல்லை எங்கே வருகிறது என்றால், சிறுநீர் வெளியே வரும் குழாய் இந்தச் சுரப்பியின் நடுவைத் துளைத்துக்கொண்டு போகிறது. பட்டறை ஆளாகச் சொல்வதானால், குழாயைச் சுற்றிப் போட்ட ரப்பர் வளையம் உள்பக்கமாகத் தடித்துவிட்டது. குழாய் நன்றாகத்தான் இருக்கிறது, தண்ணீர்தான் வராது.

வயசானால் எல்லாருக்கும் இப்படித்தானே? இதற்குப் போய் டாக்டரா?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இது. நானே ஐந்து வருடம் இதைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்.

பாதி உண்மை. 50களில் இருக்கும் ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குச் சுரப்பி பெருக்க ஆரம்பித்திருக்கும். 80களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் அப்படித்தான். ஆனால் பெருத்த எல்லாருக்கும் தொல்லை வருவதில்லை. தொல்லை வந்தவர்கள் அதைச் சகித்துக்கொண்டுதான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை.

சகித்துக்கொண்டிருந்தால் உள்ளே என்ன நடக்கிறது என்று பாருங்கள். அடைபட்ட குழாய் வழியாகத் தள்ளித் தள்ளி சிறுநீர்ப்பையின் தசை முதலில் தடிக்கிறது. அதனால்தான் அடிக்கடி அவசரமாக வருகிறது. பல வருடம் போனால் அதே தசை களைத்துத் தொய்ந்துவிடுகிறது. முழுவதும் காலியாகாமல் உள்ளே தேங்கும் சிறுநீரில் கிருமி வளரும், கல் உண்டாகும். முற்றிய நிலையில் அழுத்தம் மேலேறி சிறுநீரகத்தையே பாதிக்கும். நரைத்த முடியும் வயதின் அடையாளம்தான், ஆனால் நரை யாருடைய சிறுநீரகத்தையும் கெடுப்பதில்லை. சிறுநீர்ப்பை தொய்ந்த பிறகு அடைப்பை எடுத்தாலும் பழைய பலம் முழுதாகத் திரும்பும் என்று உத்தரவாதம் கிடையாது.

என்னென்ன அறிகுறிகளைக் கவனிக்க வேண்டும்?

புத்தகத்தில் போடுவதுபோல் அடுக்காமல், நண்பர்கள் சொன்னபடியே சொல்கிறேன். கழிவறையில் நின்றால் ஆரம்பிக்கவே நேரமாகிறது, பக்கத்தில் வந்தவர் முடித்துக் கை கழுவிப் போய்விடுகிறார். முன்போல் வேகம் இல்லை, விட்டு விட்டு வருகிறது. முக்க வேண்டியிருக்கிறது. போய்விட்டு வந்த பத்து நிமிடத்தில் இன்னும் மிச்சம் இருப்பதுபோல் தோன்றுகிறது. ஜிப்பைப் போட்ட பிறகு கால்சட்டையில் சொட்டுகிறது. இவை வெளியேற்றும் பக்கத்துத் தொல்லைகள்.

இன்னொரு பக்கம், தேக்கி வைக்க முடியாத தொல்லை. இரவில் எழுவது, பகலில் அடிக்கடி போவது, வந்தால் அடக்க முடியாமல் ஓடுவது. டாக்சி ஓட்டும் நண்பர் ஒருவர் எந்தப் புளோக்கின் கீழ் காப்பிக்கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று தீவு முழுக்க மனப்பாடமாக வைத்திருக்கிறார். கேட்டால் காப்பிக்காக என்பார்! இன்னொருவர் ஜோகூருக்குப் பேருந்தில் போவதையே நிறுத்திவிட்டார், உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வரிசையில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்ற பயத்தில். வாழ்க்கை கழிவறையைச் சுற்றி இப்படிச் சுருங்குவதே மருத்துவரைப் பார்க்கப் போதுமான காரணம்.

சிறுநீரில் ரத்தம் தெரிந்தால் கதை வேறு. வலி இல்லாவிட்டாலும், ஒரே ஒரு தடவை வந்து நின்றுவிட்டாலும், அதைக் காட்டியே ஆக வேண்டும். புரோஸ்டேட் மட்டுமல்ல, சிறுநீர்ப்பையிலோ சிறுநீரகத்திலோ கட்டி இருந்தாலும் அப்படி வரலாம்.

இரவில் நாலு தடவை எழுந்தால் புரோஸ்டேட்தானா?

அவசியமில்லை. இதில் பலர் ஏமாந்துபோகிறார்கள், பெண்களும்தானே இரவில் எழுகிறார்கள்?

கட்டுப்படாத நீரிழிவு ஒரு பெரிய காரணம். நம்மவர்களிடையே நீரிழிவு எவ்வளவு அதிகம் என்று சொல்ல வேண்டியதில்லை. ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ கொடுக்கும் நீர் மாத்திரையை மாலையில் போட்டால் இரவில்தான் வேலை செய்யும். பகல் முழுக்கக் காலில் தேங்கிய நீர், படுத்தவுடன் ரத்தத்தில் கலந்து சிறுநீராக இறங்கும். கணுக்கால் வீங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பலத்த குறட்டையும் தூக்கத்தில் மூச்சுத் திணறலும் உள்ளவர்களுக்கும் இரவில் அதிகம் சுரக்கும். அப்புறம், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பெரிய குவளையில் தே தாரேக் குடித்துவிட்டு புரோஸ்டேட்டைத் திட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.

மூன்று நாள் ஒரு கணக்கு எழுதுங்கள். எத்தனை மணிக்கு என்ன குடித்தீர்கள், எத்தனை மணிக்கு எவ்வளவு போனது என்று. அளக்க அளவு போட்ட பழைய பிளாஸ்டிக் குவளை போதும். ஒரு நாளின் மொத்தச் சிறுநீரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இரவில் மட்டுமே வருகிறதென்றால், பிரச்சினை குழாயில் இல்லை, உற்பத்தியில் இருக்கிறது. அந்த ஒரு தாள் மருத்துவருக்குப் பத்து நிமிடப் பேச்சை மிச்சப்படுத்தும்.

எந்த நிலையில் உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்?

முட்டிக்கொண்டு வலிக்கிறது, ஒரு சொட்டுக்கூட வரவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சலும் சிறுநீர்த் தொல்லையும் சேர்ந்து வந்தாலும், ரத்தம் கட்டி கட்டியாகப் போனாலும் அப்படித்தான். புரோஸ்டேட் புற்றுநோய் உள்ளவருக்குத் திடீரென முதுகு வலித்துக் கால் மரத்துப்போனாலும் உடனே போக வேண்டும். நகரவே முடியாத நிலை என்றால் ஆம்புலன்சுக்கு 995.

எனக்கு நடந்தது முதல் வகை. சளி பிடித்திருந்தது. கடையில் சளி மாத்திரை வாங்கி இரண்டு நாள் போட்டேன். இரண்டாம் நாள் இரவு ஒரு மணிக்கு எழுந்தேன், வரவில்லை. இரண்டு மணிக்கும் வரவில்லை. தண்ணீர் குடித்தால் வரும் என்று இரண்டு குவளை குடித்தேன். முட்டாள்தனம்! விடிகாலையில் மகன் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனான். குழாய் விட்டவுடன் பையில் இறங்கியது 900 மில்லிலிட்டர். சாதாரணமாக 400, 500 மில்லிலிட்டரிலேயே மனிதனுக்கு அவசரமாகிவிடும். அந்த நிம்மதியை எழுத்தில் சொல்லத் தெரியவில்லை.

காரணம் அந்தச் சளி மாத்திரை. மூக்கடைப்பைத் திறக்கும் சூடோஎஃபெட்ரின், புரோஸ்டேட்டிலும் சிறுநீர்ப்பையின் வாயிலிலும் உள்ள தசையை இறுக்கும். மூக்கொழுகலுக்கும் அரிப்புக்கும் கொடுக்கும் குளோர்ஃபெனிரமின் போன்றவை சிறுநீர்ப்பையின் தள்ளும் சக்தியைக் குறைக்கும். இரண்டும் ஒரே மாத்திரையில் சேர்ந்தும் கிடைக்கின்றன. ஏற்கனவே பாதி அடைபட்டவனுக்கு அது போதும். மருந்துக்கடையில் "எனக்குப் புரோஸ்டேட் இருக்கிறது" என்று ஒரு வார்த்தை சொன்னால் மருந்தாளர் வேறு மாத்திரை எடுத்துத் தருவார்.

பெருத்த புரோஸ்டேட் பிறகு புற்றுநோயாக மாறுமா?

மாறாது. இரண்டும் வேறு வேறு நோய்கள், ஒரே சுரப்பியில் வெவ்வேறு இடத்தில் வருபவை. சாதாரண வீக்கம் குழாயை ஒட்டிய உள்பகுதியில் வளர்கிறது, அதனால் சீக்கிரமே அடைக்கிறது. புற்றுநோய் பெரும்பாலும் வெளி ஓரத்தில் தொடங்குகிறது, அதனால் ஆரம்பத்தில் ஒரு தொல்லையும் தராது. இரண்டும் ஒரே ஆளுக்கு இருக்கவும் செய்யலாம்.

ஆக, தொல்லை இருப்பவருக்குப் பெரும்பாலும் புற்றுநோய் இல்லை. தொல்லை இல்லை என்பதற்காகப் புற்றுநோய் இல்லை என்றும் சொல்ல முடியாது. முற்றிய நிலையில்தான் எலும்பு வலி, எடை குறைவது எல்லாம் வரும்.

யாருக்கு அபாயம் அதிகம்?

சிங்கப்பூர் ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய்களில் புரோஸ்டேட் முன்வரிசையில் இருக்கிறது. வயது முதல் காரணம். அப்பாவுக்கோ கூடப்பிறந்தவருக்கோ இருந்தால் அபாயம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அவர்களுக்கு இளவயதிலேயே வந்திருந்தால் இன்னும் அதிகம். நம் ஆட்கள் மறக்கும் ஒன்று, அம்மா வழியையும் பார்க்க வேண்டும். குடும்பத்துப் பெண்களுக்கு இளவயதில் மார்பகப் புற்றுநோயோ சினைப்பைப் புற்றுநோயோ இருந்தால், அதற்குக் காரணமான பிஆர்சிஏ2 மரபணு மாற்றம் ஆண்களுக்கும் வந்திருக்கலாம். ஊரில் பெரியப்பா எதில் போனார் என்று கேட்டால் "வயித்துல ஏதோ கட்டி" என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. கொஞ்சம் விசாரித்துக்கொண்டு போங்கள்.

சரி, முதலில் எங்கே போவது? செலவு எவ்வளவு ஆகும்?

பலதுறை மருந்தகம் (பாலிகிளினிக்), அல்லது நீங்கள் வழக்கமாகப் பார்க்கும் குடும்ப மருத்துவர். ஒரே குடும்ப மருத்துவரிடம் பதிந்துகொள்ளும் ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் சேர்ந்திருந்தால் அந்த மருத்துவரிடமே தொடங்குங்கள். பாதிப் பேருக்கு அங்கேயே மாத்திரையோடு வேலை முடிந்துவிடும் என்பது என் அனுபவத்தில் பார்த்தது.

நிபுணரிடம் அனுப்ப வேண்டுமென்றால் பரிந்துரைக் கடிதம் தருவார்கள். இந்தக் கடிதத்தில்தான் காசு இருக்கிறது. பலதுறை மருந்தகத்தின் பரிந்துரையோடு அரசாங்க மருத்துவமனைக்குப் போனால் சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மானியக் கட்டணம். சாஸ் என்ற மானிய அட்டை வைத்திருப்பவர்களுக்கு அந்த அட்டை செல்லும் மருந்தகத்தின் பரிந்துரையும் போதும். அவசரப்பட்டு நேரடியாக நிபுணரிடம் போனால் தனியார் கட்டணம். என் நண்பர் ஒருவர் அப்படிப் போய், முதல் ரசீதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து பலதுறை மருந்தகத்தில் வரிசை எண் எடுத்தார்.

நிறைய பேருக்குத் தெரியாத விஷயம்: சாதாரண புரோஸ்டேட் வீக்கம், நாட்பட்ட நோய்களுக்கு மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புப் பணத்தைப் பயன்படுத்தும் திட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. நீரிழிவு, ரத்த அழுத்தம் போலவே இதற்கும் வெளிநோயாளிச் சிகிச்சைக்கு மெடிசேவிலிருந்து எடுக்கலாம், ஆண்டு வரம்பு உண்டு. 1949 முடிவதற்குள் பிறந்த முன்னோடித் தலைமுறைக்கும், 1950 முதல் 1959 வரை பிறந்த மெர்டேக்கா தலைமுறைக்கும் கூடுதல் சலுகை இருக்கிறது. அறுவை சிகிச்சைக்கு மெடிசேவும் மெடிஷீல்டு லைஃப் காப்புறுதியும் கைகொடுக்கும். மருத்துவமனையின் நிதி ஆலோசகரிடம் முன்கூட்டியே மதிப்பீடு கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை.

மருத்துவர் என்ன செய்வார்? பின்வழியாக விரல் விடுவார்கள் என்கிறார்களே?

இந்த ஒரு பயத்தாலேயே பத்து வருடம் தள்ளிப்போட்டவர்களைத் தெரியும். ஆமாம், விடலாம். ஒருபக்கமாகப் படுத்து முழங்காலை மடக்கச் சொல்வார், கையுறையில் வழுவழுப்பான ஜெல் தடவியிருக்கும், அரை நிமிடத்தில் முடிந்துவிடும். அசௌகரியம் உண்டு, வலி இல்லை. சுரப்பி பெரிதா, கல் போன்ற கெட்டி எங்காவது தட்டுப்படுகிறதா என்பதை அந்த விரல் சொல்லிவிடும்.

அதற்கு முன் ஏழு கேள்விகள் உள்ள ஒரு தாளைத் தருவார்கள். கடந்த ஒரு மாதத்தில் எத்தனை முறை இப்படி, எத்தனை முறை அப்படி என்று. மொத்தம் 35 மதிப்பெண். 7 வரை லேசானது, 8 முதல் 19 வரை நடுத்தரம், 20 முதல் கடுமை. பரீட்சை என்று நினைத்துக் குறைத்துப் போட்டுவிடாதீர்கள். நான் முதல் தடவை 9 என்று போட்டேன். கூட வந்த மனைவி தாளை வாங்கிப் பார்த்து 21 ஆக்கினாள்.

பிறகு சிறுநீர்ச் சோதனை, சிறுநீரகச் செயல்பாட்டுக்கும் சர்க்கரைக்கும் ரத்தச் சோதனை. நிபுணரிடம் போனால் புனல் வைத்த ஒரு கருவியில் போகச் சொல்வார்கள், அது வேகத்தை வரைபடமாகப் போட்டுக்கொடுக்கும். நல்ல முட்டலோடு போக வேண்டும், அதனால் காத்திருக்கும் அறையில் எல்லாரும் தண்ணீர்ப் போத்தலோடு நடந்துகொண்டிருப்பார்கள். பிறகு வயிற்றின் மேல் ஸ்கேன் வைத்து உள்ளே எவ்வளவு தங்கியிருக்கிறது என்று பார்ப்பார்கள்.

சுரப்பி சிறுநீர்ப்பைக்குள் எத்தனை மில்லிமீட்டர் துருத்திக்கொண்டிருக்கிறது என்றும் ஸ்கேனில் அளப்பதுண்டு. 5 மில்லிமீட்டர் வரை முதல் படி, 10 வரை இரண்டாம் படி, அதற்கு மேல் மூன்றாம் படி. மொத்த எடையைவிட இந்தத் துருத்தல் அடைப்பை நன்றாகக் காட்டும் என்பதை ஆராய்ந்து உலகுக்குச் சொன்னவர்களில் சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையின் மருத்துவர் ஃபூ கியோங் டாட்டும் அவர் குழுவும் முக்கியமானவர்கள். நம் ஊர்ச் சரக்கு.

பெண் மருத்துவராக இருந்தால்?

ஆண் மருத்துவர் வேண்டுமென்று கேட்கலாம், கொஞ்சம் காத்திருக்க வேண்டிவரும். தமிழில் பேச வேண்டுமென்றாலும் பதிவு முகப்பில் சொல்லுங்கள், தமிழ் தெரிந்த தாதியோ ஊழியரோ பெரும்பாலும் இருப்பார். மகளை வைத்து மொழிபெயர்க்கச் சொன்னால் பாதியை நீங்களே விழுங்கிவிடுவீர்கள்.

பிஎஸ்ஏ ரத்தச் சோதனையை எல்லாரும் செய்துகொள்ள வேண்டுமா?

புரோஸ்டேட் சுரக்கும் ஒரு புரதத்தை ரத்தத்தில் அளப்பதுதான் பிஎஸ்ஏ. சிங்கப்பூரின் தேசியப் பரிசோதனைத் திட்டத்தில் மார்பகம், கருப்பை வாய், பெருங்குடல் புற்றுநோய்களுக்கு அழைப்பு வருவதுபோல் இதற்கு வராது. காரணம் இருக்கிறது. பிஎஸ்ஏ ஏறினால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை, ஏறியவர்களில் நான்கில் மூன்று பேருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. வீக்கம், கிருமித் தொற்று, சிறுநீர் அடைத்துக் குழாய் விட்டது, இரண்டு நாளுக்குள் விந்து வெளியேறியது, நெடுநேரம் சைக்கிள் ஓட்டியது, எதுவும் ஏற்றலாம். இன்னொரு பக்கம், வாழ்நாளில் ஒருபோதும் தொல்லை தராத சோம்பேறிப் புற்றுநோயைத் தேடிக் கண்டுபிடித்துச் சிகிச்சை செய்து, அதன் பக்கவிளைவில் மனிதர் அவதிப்படுவதும் நடக்கிறது.

அதனால் இது மருத்துவரோடு பேசி நீங்கள் எடுக்கும் முடிவு. 50 வயதுக்கு மேல் பேசலாம், அப்பா அல்லது அண்ணன் தம்பிக்கு இருந்தால் 45லேயே. 75 தாண்டியவருக்கு, வேறு பெரிய நோய்களும் இருந்தால், பெரும்பாலும் பயனில்லை. என் சொந்தக் கருத்தைக் கேட்டால், குடும்பத்தில் இருப்பவர்கள் தயங்க வேண்டாம். மற்றவர்கள் மலிவுச் சோதனைத் தொகுப்பில் சேர்ந்து வருகிறது என்பதற்காக மட்டும் யோசிக்காமல் டிக் போடாதீர்கள்.

பிஎஸ்ஏ அதிகம் என்று வந்துவிட்டது. அடுத்து?

முதலில் பதறாதீர்கள். தொற்று இருந்தால் குணமாகி ஆறு வாரம் கழித்து மறுபடி எடுப்பார்கள். 4 நானோகிராம் என்பது பழைய எல்லைக்கோடு, வயதையும் சுரப்பியின் அளவையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். சுரப்பியைச் சுருக்கும் ஃபினாஸ்டரைடு அல்லது டுடாஸ்டரைடு மாத்திரையை ஆறு மாதமாகச் சாப்பிடுகிறவருக்கு பிஎஸ்ஏ பாதியாகக் குறைந்து காட்டும். அதை மருத்துவரிடம் சொல்லாவிட்டால் 3 என்று வந்ததை நல்லது என்று நினைத்துவிடுவார், உண்மையில் அது 6க்குச் சமம். தலைமுடிக்கு இந்த மருந்தைச் சாப்பிடுகிறவர்களும் சொல்ல வேண்டும்.

சந்தேகம் தொடர்ந்தால் எம்ஆர்ஐ, அதில் ஏதாவது தெரிந்தால் பயாப்சி, அதாவது ஊசியால் சிறு துணுக்குகள் எடுத்துப் பார்ப்பது. ஊசி குத்துவதால் புற்றுநோய் பரவிவிடும் என்று நம்மிடையே ஒரு பேச்சு உண்டு. அதை நம்பிப் பயாப்சியைத் தள்ளிப்போடாதீர்கள்.

மாத்திரைகள் எப்படி வேலை செய்கின்றன? ஆண்மையைப் பாதிக்குமா?

இரண்டு வகை. டாம்சுலோசின், அல்ஃபுசோசின் போன்றவை தசையைத் தளர்த்தும், சில நாட்களிலேயே வித்தியாசம் தெரியும். சட்டென்று எழுந்தால் தலை சுற்றும், அதனால் இரவில் கழிவறைக்கு எழும்போது படுக்கையின் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு நில்லுங்கள். விந்து குறையலாம், வராமலும் போகலாம், அது பயப்பட வேண்டிய விஷயமில்லை. கண்புரை அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்கள் இந்த மாத்திரையைப் பற்றிக் கண் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். கண்மணியைச் சுற்றியுள்ள தசை தளர்ந்து அறுவை சிகிச்சையைச் சிக்கலாக்கும், தெரிந்திருந்தால் அவர் தயாராக இருப்பார்.

ஃபினாஸ்டரைடு, டுடாஸ்டரைடு சுரப்பியையே சுருக்குபவை. பெரிய சுரப்பிக்குத்தான் பொருத்தம், ஆறு மாதம் பொறுமை வேண்டும். சிலருக்கு ஆசை குறையும், விறைப்பு குறையும், பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை. அப்படி ஆனால் மாத்திரையைத் தூக்கிப்போட்டுவிட்டு அடுத்த சந்திப்பில் சாப்பிட்டதாகச் சொல்லாதீர்கள், மாற்று இருக்கிறது. வீட்டில் கர்ப்பிணி மருமகள் இருந்தால் உடைந்த மாத்திரையை அவள் தொட வேண்டாம், வயிற்றில் உள்ள ஆண் குழந்தையைப் பாதிக்கலாம். விறைப்புக்காகச் சில்டெனாஃபில் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மறைக்காதீர்கள், முதல் வகையோடு சேர்ந்தால் ரத்த அழுத்தம் திடீரென்று இறங்கும்.

அறுவை சிகிச்சை எப்போது?

மாத்திரை பலிக்காதபோது, அல்லது அடைப்பு திரும்பத் திரும்ப வரும்போது, கல், ரத்தம், தொற்று, சிறுநீரகப் பாதிப்பு என்று சிக்கல் வந்தபோது. வழக்கமான முறையில் வயிற்றைக் கிழிப்பதில்லை, சிறுநீர் வழியாகவே கருவியை விட்டுத் தடித்த பகுதியைச் சீவி எடுப்பார்கள். எனக்கு அதுதான் நடந்தது. ஓரிரு நாள் குழாயோடு படுக்கை, சில வாரம் அவ்வப்போது சிவப்பாகப் போனது, கனமான பை தூக்கக் கூடாது என்றார்கள். இதற்குப் பிறகு பெரும்பாலோருக்கு விந்து வெளியே வராமல் சிறுநீர்ப்பைக்குள் போய்விடும். விறைப்பு பொதுவாகக் கெடுவதில்லை. குழந்தை வேண்டும் என்பவர்கள் முன்பே சொல்ல வேண்டும். லேசர், நீராவி, சுரப்பியைக் கொக்கி போட்டு ஒதுக்கிக் கட்டுவது என்று வேறு முறைகளும் இங்கே உண்டு. சிலவற்றில் விந்து பாதிப்பு குறைவு, ஆனால் எல்லா அளவு சுரப்பிக்கும் ஒத்துவராது.

ஒன்று நினைவிருக்கட்டும். இதில் உள்பகுதியைத்தான் எடுக்கிறார்கள். வெளி ஓரம் அப்படியே இருக்கிறது, அதில் பிற்காலத்தில் புற்றுநோய் வர முடியும்.

புற்றுநோய் என்றே வந்தால்?

2015 பிப்ரவரியில் அன்றைய பிரதமர் லீ சியன் லூங்குக்குப் புரோஸ்டேட் புற்றுநோய் என்று பிரதமர் அலுவலகமே அறிவித்தது. எம்ஆர்ஐயில் சந்தேகம் வந்து பயாப்சி எடுத்ததில் 38 மாதிரிகளில் ஒன்றில் புற்றணுக்கள். சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையில் ரோபோ உதவியோடு அறுவை சிகிச்சை நடந்தது, பிறகு 2024 மே வரை அவர்தான் பிரதமர். நாட்டின் தலைவரே வெளியே சொன்ன நோயை நாம் ஏன் மனைவியிடம்கூட மறைக்கிறோம் என்று எனக்குப் புரியவில்லை.

புற்றணுக்கள் எவ்வளவு வேகமானவை என்று காட்டும் கிளீசன் மதிப்பெண் பயாப்சியில் 6 என்று வந்தால் பெரும்பாலும் உடனே எதுவும் செய்யாமல், பிஎஸ்ஏ, எம்ஆர்ஐ, மறு பயாப்சி என்று கண்காணிப்பார்கள். "டாக்டர் கைவிட்டுவிட்டார்" என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. பிரிட்டனில் 1,643 பேரை மூன்று பிரிவாக்கி, கண்காணிப்பு, அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு என்று கொடுத்து 15 ஆண்டு பின்தொடர்ந்தார்கள். எந்தப் பிரிவானாலும் அந்த நோயால் இறந்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் அளவுதான். அவர்கள் நோய் பரவாத நிலையில் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வேகமாக வளரும் வகைக்குச் சுரப்பியை முழுதாக எடுப்பது அல்லது கதிர்வீச்சு. எடுத்தால் சிறுநீர்க் கசிவும் விறைப்புக் குறைவும், கதிர்வீச்சானால் மலக்குடல் எரிச்சலும் வர வாய்ப்புண்டு. முடிவெடுக்கும் முன் அறுவை மருத்துவர், கதிர்வீச்சு மருத்துவர் இருவரிடமும் பேசுங்கள். பரவிவிட்டிருந்தால் ஆண் ஹார்மோனைக் குறைக்கும் சிகிச்சையால் பல ஆண்டுகள் வைத்திருக்க முடியும்.

நெருஞ்சில், சிறுகண்பீளை கஷாயம் குடிக்கலாமா? இணையத்தில் விற்கும் மூலிகை மாத்திரை?

தேக்காவில் நெருஞ்சில் வாங்கிக் காய்ச்சிக் குடிக்கும் பெரியவர்களை நான் கேலி செய்ய மாட்டேன், என் அப்பாவும் குடித்தார். ஆனால் அடைத்த குழாயை அது திறந்துவிடும் என்று நம்பி மருத்துவரைத் தவிர்க்காதீர்கள். வெளிநாட்டில் பிரபலமான சா பால்மெட்டோ என்ற பனைக்காய்ச் சாறை அமெரிக்காவில் கவனமாகச் சோதித்தபோது மருந்தே இல்லாத போலி மாத்திரையைவிட மேலான பலன் தெரியவில்லை.

இணையத்தில் "புரோஸ்டேட்டும் சரியாகும், வீரியமும் கூடும்" என்று விற்பது வேறு ரகம். 2008இல் சிங்கப்பூரில் என்ன நடந்தது தெரியுமா? கள்ளத்தனமாக விற்ற வீரிய மாத்திரைகளில் கிளிபென்கிளமைடு என்ற நீரிழிவு மருந்து கலந்திருந்தது. சர்க்கரை அபாயமாக இறங்கி ஐந்து மாதத்துக்குள் 150 பேர் மருத்துவமனைக்கு வந்தார்கள், நால்வர் இறந்தார்கள். "முழுக்க மூலிகை" என்று விற்றவையும் அவற்றில் இருந்தன.

சொட்டிக்கொண்டே இருக்கிறது. தொழுகைக்கும் கோயிலுக்கும் எப்படிப் போவது?

ஒளு செய்துவிட்டு எழும்போது சொட்டிவிடுகிறது என்று ஒரு பாய் கண்கலங்கச் சொன்னார், பள்ளிவாசலுக்குப் போவதையே குறைத்துவிட்டாராம். சிறுநீர் முடிந்ததும் விதைப்பைக்குப் பின்னால் விரலை வைத்து, மெதுவாக முன்னோக்கி அழுத்திக்கொண்டே வாருங்கள். குழாயின் வளைவில் தங்கிய மிச்சம் வெளியே வந்துவிடும். அவருக்கு இது ஒன்றே பெரும்பாலும் போதுமானதாக இருந்தது. அதற்கும் அடங்காத கசிவுக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு, இமாமிடம் கேளுங்கள்.

தைப்பூசத்துக்கு சிராங்கூன் சாலையிலிருந்து டேங்க் ரோடு வரை நடப்பவர்கள் அன்று காலை காப்பியை மட்டும் விட்டுவிட்டால் போதும். வெயிலில் தண்ணீரையே விட்டுவிடாதீர்கள்.

எனக்கு 31 வயது, கட்டுமான வேலை, தங்குவிடுதியில் இருக்கிறேன். எரிச்சலும் அடிவயிற்று வலியும். இதுவும் புரோஸ்டேட்டா? தம்பிகளுக்கும் வருமா?

வரும் தம்பி, ஆனால் உங்கள் வயதில் பெரும்பாலும் வீக்கமோ புற்றுநோயோ இருக்காது, அழற்சியாக இருக்கலாம். கிருமியால் வந்தால் காய்ச்சல், நடுக்கம், ஆசனவாய்க்கும் விதைப்பைக்கும் நடுவே வலி. ஆன்டிபயாடிக் வாரக்கணக்கில் எடுக்க வேண்டும், வலி நின்றதும் நிறுத்தினால் திரும்பி வரும். கல்லாகவும் இருக்கலாம், நாள் முழுக்க வெயிலில் நின்று தண்ணீர் குடிக்காதவர்களுக்கு அது சகஜம். பாலுறவால் வந்த தொற்றாகவும் இருக்கலாம். அந்தச் சந்தேகம் இருந்தால் கிளந்தான் லேனில் உள்ள டிஎஸ்சி மருந்தகத்தில் பார்க்கலாம், யாரும் உபதேசம் செய்ய மாட்டார்கள்.

வொர்க் பெர்மிட் ஊழியரின் மருத்துவச் செலவு முதலாளியின் பொறுப்பு. 2023 ஜூலையிலிருந்து மருத்துவமனைச் சிகிச்சைக்கு ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக் காப்புறுதி அவர் எடுத்திருக்க வேண்டும். சூப்பர்வைசரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் ஹெல்த்சர்வ் போன்ற தொண்டு மருந்தகங்கள் இருக்கின்றன.

அப்பாவுக்கு எல்லா அறிகுறியும் இருக்கிறது. "எனக்கு ஒன்றுமில்லை" என்று வரவே மாட்டேன் என்கிறார். என்ன செய்வது?

புரோஸ்டேட் என்ற சொல்லையே எடுக்காதீர்கள். நீரிழிவுக்கோ ரத்த அழுத்தத்துக்கோ எப்படியும் பலதுறை மருந்தகம் போவார், அந்தச் சந்திப்பில் கூடப் போய், "ராத்திரி தூங்கவே மாட்டேன் என்கிறார் டாக்டர்" என்று மட்டும் ஆரம்பித்துவிடுங்கள். மீதியை மருத்துவர் கேட்டுக்கொள்வார். மகன் கூடப் போனால் நல்லது, மருமகன் வேண்டாம்.

என் விஷயத்தில் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. அடுப்படியில் மாட்டியிருந்த மாத நாட்காட்டியில் ஒவ்வொரு காலையும் ஒரு எண்ணை எழுதி வைத்தாள். 3, 4, 4, 5, 4. பால் கணக்கு என்று நினைத்தேன். மாதக் கடைசியில்தான் கேட்டேன்.